ஆசிரியர் சான்றிதழும் மாநில எல்லையும்

ஐக்கிய அமெரிக்காவில் பண்டங்கள் மாநில எல்லைகளைத் தடையின்றிக் கடக்கின்றன. ஆசிரியரின் சான்றிதழ் அவ்வாறு கடப்பதில்லை. மத்திய அரசுக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்களை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியனவாக்கியது 1791இன் பத்தாவது யாப்புத் திருத்தம். கல்வி அவற்றுள் அடங்குவதால், 50 மாநிலங்களும் தத்தம் அனுமதிப்பத்திரங்களைத் தாமே வழங்குகின்றன.

மாநிலங்களுக்கிடையே நெடுங்காலமாக ஓர் உடன்படிக்கை உண்டு. அதனைப் பரஸ்பர அங்கீகாரம் எனக் கொள்வது தவறு. ஒரு மாநிலம் பிறிதொன்றின் சான்றிதழை ஏற்பதனால் மற்றையதும் ஏற்கவேண்டும் என்ற கடப்பாடில்லை. ஏற்கும் மாநிலமும் தன் பரீட்சை, பாடநெறி, கட்டணம் ஆகியவற்றை விதிக்கலாம். பல்லாண்டு கற்பித்தவர் மீண்டும் பரீட்சார்த்தியாகின்றார். செலவும் அவருடையதே.

பத்து மாநிலங்கள் சட்டமியற்றியதைத் தொடர்ந்து 2023இல் செயற்படத் தொடங்கிய ஆசிரியர் இடப்பெயர்வு ஒப்பந்தம் இத்தடையைத் தளர்த்த முற்படுகின்றது. அதில் இணைந்த மாநிலமொன்றின் முழு அனுமதிப்பத்திரம் உடையோர், இணைந்த பிறிதொரு மாநிலத்தில் நிகரான பத்திரத்தைப் பெறலாம். ஆசிரியர் பற்றாக்குறை முற்றிய பின்னரே அரசுகளுக்கு இத்தாராளம் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. வரைவுக்குப் பாதுகாப்புத் திணைக்களம் துணைநின்றதும், படையினரின் வாழ்க்கைத்துணைகளுக்குச் சலுகை அளிக்கப்பட்டதும் தற்செயலல்ல.

ஓய்வூதியத்தை ஒப்பந்தம் தொடுவதில்லை. அது பழைய மாநிலத்திலேயே தங்கிவிடுகின்றது. சில மாநிலங்களிலோ பத்தாண்டுச் சேவை நிறைவுறாமல் விலகுவோருக்கு அதற்கான உரித்தே கிட்டுவதில்லை.