ஒரு குக்கருக்கு 44 ரூபாய்

குக்கர்கள் 2,265. அபராதம் ₹1,00,000. வகுத்துப் பார்த்தால் குக்கருக்கு 44 ரூபாய்.

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்குப் போட்ட கணக்கு இது. 2021 பிப்ரவரி 1 முதல் வீட்டு குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதன் பிறகும் தரத்துக்கு ஒத்துவராத இத்தனை குக்கர்கள் அந்தத் தளத்தில் விற்றன. அமேசானுக்குக் கட்டணமாக வந்தது ₹6,14,825.41, குக்கருக்கு ₹271. அபராதம் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் ₹1,00,000. அங்கே விற்றது 598, வரவு ₹1,84,263. குக்கருக்கு ₹308 வாங்கி ₹167 கட்ட வேண்டிய நிலை. குறைவாக விற்றவருக்கு ஏறக்குறைய நாலு மடங்கு தண்டனை! குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் ஆணையம் சொன்னது. இரு நிறுவனங்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

இந்த அபராதத்தில் குக்கர் வெடித்து முகம் வெந்தவருக்கு ஒரு பைசா வராது. அவர் வழக்கை அவர்தான் போட வேண்டும்.

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் ஆன்லைனில் வாங்கிய ₹2,000 குக்கர் வெடித்ததாக வைத்துக்கொள்வோம். கம்பெனி டெல்லியிலோ ராஜ்கோட்டிலோ இருக்கட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சாந்திநகர் பி.எம்.டி.சி. கட்டடத்தில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். பில் கணவர் பெயரில் இருந்து காயம் மனைவிக்குப் பட்டாலும் வழக்கு நிற்கும். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

கட்டணம்? பூஜ்யம். இங்கேதான் சட்டத்தின் சுவாரசியமான கணக்கு. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதைப் பொருளுக்குக் கொடுத்த விலை தீர்மானிக்கிறது, கேட்கிற நஷ்டஈடு அல்ல. விலை ₹5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ₹50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், ₹2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஆகவே ₹2,000 குக்கருக்காக ₹40 லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். மறுபக்கமும் உண்டு. கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண் ₹50 கோடிக்கு மேல் கேட்டார். காரின் விலையை வைத்து அவர் வழக்கும் மாவட்ட ஆணையத்தோடு நின்றது. இந்த விதி செல்லும் என்று 2025 ஏப்ரல் 29இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குக்கர்காரருக்கு இது லாபம். அந்தப் பெண்ணுக்கு என்னவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாள் கணக்கு: சம்பவத்திலிருந்து 2 வருடத்துக்குள் வழக்கு. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், போனால் போகிறதென்று இன்னும் 15. பரிசோதனைக் கூட அறிக்கைக்கு 45 நாள். பரிசோதனை இல்லாத வழக்கு 3 மாதத்தில், இருந்தால் 5 மாதத்தில் முடிய வேண்டும். இவை சட்டப் புத்தகத்தில் அச்சான எண்கள். வாய்தா வாங்கிப் பழகியவர்கள் வேறு எண் சொல்வார்கள்.

செலவு உண்மையில் விழுவது நிரூபிப்பதில். தயாரிப்பாளரின் அஜாக்கிரதையைக் காட்ட வேண்டியதில்லை; தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை, அல்லது போதிய எச்சரிக்கை இல்லை என்று காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்ட வெடித்த குக்கர் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது அடுத்த வாரமே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விடும். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் கட்டுவதும் புகார்தாரர்தான்.

அடுத்தது மாற்று உதிரிபாகம். சேதம் நடந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்கிறது பிரிவு 87. கம்பெனி வெயிட் தொலைந்து, கடைத்தெருவில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். சேஃப்டி வால்வு மாற்றிய பில்லையும் குக்கர் பில்லோடு சேர்த்து வைக்கச் சொல்வது இதனால்தான். வழக்குக்கு முன் பேசித் தீர்க்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.