நான்கு சொற்களில் ஒரு நாள்

"அன்றன்று நடந்ததை ஒரு வரியில் எழுதி வைத்தால் அதுவும் எழுத்தாகுமா, சேர்?" உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வினவினாள். நாள்தோறும் ஏதேனும் எழுதிப் பழகுமாறு வகுப்பில் நான் கூறியிருந்தேன். அவளுடைய கொப்பியிலோ ஒரு நாளுக்கு ஒரு வரிதான். சில நாட்களுக்கு நான்கு சொற்கள் மட்டுமே. சோம்பல் என்றே முதலில் எண்ணினேன். அவளுடைய வினாவுக்கு இன்று விடை காண முயல்கின்றேன்.

சுருக்கம் தமிழுக்குப் புதிதன்று. அகவாழ்வின் ஒரு கணத்தைச் சில அடிகளுக்குள் அடக்கிக் காட்டுவது குறுந்தொகை. ஆயின் அது செதுக்கப்பெற்ற கவிதை. நாட்குறிப்பு அவ்வாறு செதுக்கப்படுவதில்லை. அன்றன்றே எழுதி விடப்படுவது. ஆகவே அதன் பெறுமதியை வேறிடத்திலேயே தேடல் வேண்டும்.

அமெரிக்காவின் இன்றைய மேய்ன் மாநிலத்தில், கெனபெக் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் மார்த்தா பலார்ட் என்னும் மருத்துவிச்சி. 1785 முதல் 1812இல் தாம் இறக்கும் வரை 27 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். அன்றைய காலநிலை, சென்ற வீடு, பிறந்த குழந்தை, பெற்ற கூலி என்பனவே அதில் உள்ளவை. பிற்காலத்தில் ஊர் வரலாறு எழுதியோர் அதனை அற்பமான செய்திகளின் தொகுதி என்றே கருதினர். லோரல் தச்சர் உல்ரிச் என்னும் வரலாற்றாசிரியர் அச்சிறு வரிகளைப் பொறுமையோடு ஒன்றுசேர்த்து நோக்கினார். அவர் பார்த்த 816 பிரசவங்கள், பெண்களின் நெசவு, அவர்களுக்கிடையே நிகழ்ந்த பண்டமாற்று ஆகிய அனைத்தும் வெளிப்பட்டன. 1990இல் வெளிவந்த அந்நூல் மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. தனித்து நிற்கையில் அற்பமாகத் தோன்றிய வரி, தொடர்ச்சியினால் வரலாறாயிற்று.

ஆனால் சுருங்க எழுதியன எல்லாம் பயன் தருவனவல்ல. பிரான்சிய மன்னன் பதினாறாம் லூயி, பஸ்ரில் சிறை தகர்க்கப்பட்ட 1789 யூலை 14ஆம் திகதிக்கு எழுதியது, 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் ஒரே சொல். அது பெரும்பாலும் அவனுடைய வேட்டைக் கணக்கு. அன்று வேட்டை இல்லை என்பதே அதன் கருத்து. எதைப் பற்றிய குறிப்பு என்பது சொல்லப்படாமையால் அச்சொல் இன்றுவரை ஏளனத்துக்குள்ளாகின்றது.

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றையும் கூற விரும்புகின்றேன். என் தாயார் அதிகம் படித்தவரல்லர். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஓரிரு சொற்கள் எழுதுவார். பசு கன்று ஈன்ற நாள், கிணறு இறைத்த நாள், சீட்டுக்காசு கட்டிய நாள் என்பனவே அவை. அவர் மறைந்தபின் அப்பஞ்சாங்கங்களைப் பழைய தாள்கள் என்று நானே எரித்தேன். காணி உறுதிகளோடு கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அது 1995ஆம் ஆண்டுக்குரியது. யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்த ஒக்டோபர் 30ஆம் திகதிக்கு நேரே இப்படி எழுதியிருந்தார்: "மாட்டை அவிழ்த்து விட்டோம். மழை."

அவ்விடப்பெயர்வு பற்றி நானும் பக்கம் பக்கமாக எழுதியுள்ளேன். அவலம், துயரம் என்ற சொற்கள் அவற்றில் நிறைய உண்டு. மாடு இல்லை. அன்றிரவு அம்மா கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்ததை, அருகில் நின்ற நானே மறந்திருந்தேன். எரித்த ஏனைய ஆண்டுகளில் என்னென்ன இருந்தன என்பதை இனி யாரிடம் கேட்பேன்?

அதன்பின் மாணவியின் கொப்பியை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். தொடர்ந்து ஒன்பது நாட்கள் ஒரே வரி: "அப்பா இன்றும் கடலுக்குப் போகவில்லை." முதல் வாசிப்பில் அதனைக் கூறியது கூறல் எனச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தேன்.

"எழுத்துத்தான், பிள்ளை. திகதியைப் போடு. யார், எது என்பதை எழுது. கவலை, மகிழ்ச்சி என்று எழுதாவிட்டாலும் குறையில்லை. கொப்பியை மட்டும் எறிந்துவிடாதே" என்றேன்.

பத்தாம் நாள் என்னவாயிற்று என்றும் கேட்டேன். அவள் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "அப்பா வலையை விற்றார்" என்றிருந்தது.