பழைய அட்டையையும் எடுத்து வாருங்கள்

எதிர்வீட்டு அண்ணன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். பார்க்கப் போனேன். அண்ணி டீ போட உள்ளே போனதும், ஒரு கேரி பேக்கை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். ஒன்பது அட்டைகள். "தம்பி, நீ மருந்துக் கடையில இருந்தவன்தானே, எது எதுக்குன்னு சொல்லு."

நான் முதலில் கேட்டது அந்த அட்டைகளைப் பற்றி இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டிருந்த மாத்திரையெல்லாம் எங்கண்ணே?" என்றேன். ஃபிரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். "அதையும்தான் போடுறேன். யாரும் நிறுத்தச் சொல்லலையே."

வில்லங்கம் அங்கேதான். டிஸ்சார்ஜ் அன்று நடப்பதை நினைத்துப் பாருங்கள். காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்பார் டாக்டர். பில், இன்ஷூரன்ஸ் அப்ரூவல், மறுபடி பில் என்று சாயங்காலம் ஆகிவிடும். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் சிஸ்டர் வந்து "இது காலையில, இது நைட்டு" என்று மளமளவென்று சொல்லிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அடுத்த கட்டில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். என்ன சாப்பிட வேண்டும் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். எதை விட வேண்டும் என்பதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அண்ணனின் டப்பாவில் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் இருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த கேப்ஸ்யூல் அட்டையைத் திருப்பினேன். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரையே படிக்கச் சொன்னேன்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின். மூன்றும் ஒரே கேப்ஸ்யூலுக்குள். ஆக, ஆஸ்பிரின் தினமும் இரண்டு தடவை உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் வேண்டும். டாக்டர் சொல்லாமல் அவற்றை நிறுத்தினால் ஆபத்து. அளவு மீறினாலோ வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

அடுத்தது பிரஷருக்கான அம்லோடிபின். ஆஸ்பத்திரிப் பையில் ஒரு பெயரில் இருந்தது. டப்பாவிலும் இருந்தது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு வாசலில் மாத்திரை கிடைப்பது சின்ன விஷயமா? ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் நேற்று என்ன எழுதினார்கள் என்பது மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்தில் வாங்கினால் அதே மருந்து வேறு அட்டையில், வேறு நிறத்தில் வரும். விலை குறைவு, நல்லதுதான். நாலு வாசல் வழியாக நாலு சட்டை போட்டுக்கொண்டு ஒரே ஆள் வருகிறார் என்பதை யாராவது கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். மருந்து விஷயத்தில் கைத்தாங்கல் தேவைப்படும் நோயாளி வீட்டுக்குக் கிளம்பும்போது, அவர் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கே ஆஸ்பத்திரி தகவல் அனுப்பிவிடும். கடையில் பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அடுத்த சீட்டில், நிறுத்திய மருந்து மறுபடி தலைகாட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் நோயாளியிடமே பேசுவார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து அங்கே அரசு மருத்துவச் சேவையோடு ஒப்பந்தத்தில் இருக்கும் மருந்துக் கடைகள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்குவது பார்மசிஸ்ட்டின் வேலை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிகளே சொல்கின்றன. கவுண்டரில் நடப்பது வேறு. ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருவோம். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடும். நானும் வெட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் உறுத்துகிறது. 2008 முதல் பார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு இருக்கிறது. வார்டுக்கே போய் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கப் பயின்றவர்கள் அவர்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால், டிஸ்சார்ஜ் அன்று "கிளினிக்கல் பார்மசிஸ்ட்டைப் பார்க்கணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்சுலினுக்கு மட்டும் இன்னொரு டீ குடிக்கும் நேரம் வேண்டும். நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது அநேகமாக 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆஸ்பத்திரியில் பேனா கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஊசி முனை தீர்ந்துவிட்டது என்று, வீட்டிலிருக்கும் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சைப் பேனாவுக்குள் குத்தி 20 கோடு வரை இழுப்பார்கள். உடம்புக்குள் போவது இருபது இல்லை, 50 யூனிட். சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடலாம்.

சம்மரியில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தால் தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். அண்ணன் வலி மாத்திரையை வலியே இல்லாமல் மூன்று வேளையும் போட்டிருந்தார்.

நானாக எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. சம்மரியில் இருந்த நம்பருக்குப் பேசினோம். டப்பாவில் இருந்த ஆஸ்பிரினையும் அம்லோடிபினையும் விட்டுவிடுங்கள், மற்றது எழுதியபடி என்று டாக்டர் சொன்னார். மொத்தம் நாலு நிமிடம். டீ ஆறிவிட்டிருந்தது, அண்ணி திரும்பச் சுடவைத்துக் கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் இரண்டு நாளுக்குள் பக்கத்து மருந்துக் கடைக்குப் போங்கள், கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்து. சம்மரியையும் புதுப் பையையும் கொண்டுபோவீர்கள். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் டப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.