தனித்தொகுதி: இடம் நமக்கு, வாக்கு யாருக்கு?



சங்கரன்கோவில் தனித்தொகுதி. நம்மை உள்ளடக்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனிதான். எந்தக் கட்சி வென்றாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரே இங்கு உறுப்பினர் ஆகிறார். அப்படியிருந்தும் நம் தெருக்களின் கேள்விகள் தேர்தல் மேடை ஏறுவதில்லை. ஏன் என்பதையே இந்த நினைவுரையில் விளக்க முயல்கிறோம்.

வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடியதன் பயனாக, 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியை அறிவித்தது. நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டசபைகளில் இடங்கள் 71இலிருந்து 148 ஆயின, வாக்கோ பொதுவாயிற்று. ஒவ்வோர் இடத்துக்கும் நால்வரை நாமே முன்னிறுத்தும் முதற்கட்டத் தேர்தல் மட்டும் மிஞ்சியது. அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லை. அதன் 330, 332ஆம் பிரிவுகள் இடத்தை ஒதுக்குகின்றன, வாக்கை ஒதுக்கவில்லை.

இதன் விளைவு எளிது. வேட்பாளரைத் தலைமை தீர்மானிக்கிறது. வெற்றியை எல்லாச் சாதி வாக்கும் தீர்மானிக்கிறது. தீண்டாமையைப் பற்றி உரக்கப் பேசினால் ஒருபக்க வாக்குப் போய்விடும் என்ற அச்சம் வேட்பாளரைப் பிடிக்கிறது. வென்றபின், 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடாவை மீறினால் பதவி போகும். இது தனிமனிதரின் கோழைத்தனம் அன்று, அமைப்பின் கட்டு.

2012 இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். மின்வெட்டால் நம் விசைத்தறிகள் முடங்கிய காலம். கூடங்குளம் மக்களின் அச்சம் தீரும்வரை அணுமின் நிலையப் பணிகளை நிறுத்த வேண்டும் என்று 2011 செப்டம்பரில் மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டிருந்தது. இங்கே வாக்குப்பதிவு நடந்தது மார்ச் 18. மறுநாளே அணுஉலையைத் திறக்க அதே அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அணுஉலை வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குள் இரு கருத்து இருக்கலாம். ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு வாக்களிக்கும் வாய்ப்பு வாக்காளருக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே தனித்தொகுதி வீண் என்று சொல்கிறோமா? இல்லை. மாநிலச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 நமக்குரியவை. ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கையில் கட்சிகள் நமக்குச் சீட்டுத் தருமா? பெற்ற உரிமையை விட்டுவிடாமல், அதற்குள் நம் குரலைச் சேர்ப்பதே வேலை.

அதற்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் கணக்குக் கேட்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கிய நிதி நம் ஊருக்கு எவ்வளவு வந்தது? பஞ்சமி நிலம் யார் கையில்? சுடுகாட்டுப் பாதை எங்கே? சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளைத் தெருத்தெருவாக எழுதித் தொகுப்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம். மாணவர்கள் இதை எடுத்துச் செய்தால், அடுத்த ஐந்தாண்டுக்கும் அந்தத் தாளே நம் கையில் சாட்சி.