சின்ன ஹெலிகொப்டர் வாங்கலாமா?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பிள்ளைகள் ரிமோட் ஹெலிகொப்டர் கேட்கிறார்கள். டவுன் கடையில் அது அழகாகத்தான் பறக்கும். கடைக்குள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லையே!

மலிவான ஹெலிகொப்டர்களில் பல, டி.வி. ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் இயங்குபவை. வெயிலில் அந்த ஒளி எடுபடாது. எடையும் குறைவு, மலைக்காற்று ஒரு தள்ளு தள்ளினால் தேயிலைக்குள் தேட வேண்டியதுதான். வீட்டுக்குள் விடலாமென்றால் லயத்துக் காம்பராவில் இடம் எங்கே? பக்கத்தில் மண்டபம் இருந்து, பிள்ளையும் கொஞ்சம் வளர்ந்ததென்றால் வாங்கலாம். சின்னதுகளுக்கு வேண்டாம்.

மேலும் கீழுமாக, எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி உள்ளதாகப் பாருங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் அடங்கும். சைமா எஸ்107 என்ற வகையை முக்கால் மணி நேரம் சார்ஜ் பண்ணினால் ஏழெட்டு நிமிடம் பறக்கும். ரிமோட்டுக்கு 6 பென்டோர்ச் பட்டரி தனிச் செலவு. விழுந்தால் வால் விசிறி உடையும். உதிரி விசிறி இல்லாத கடையில் வாங்காதீர்கள்.

காசை விடப் பெரிய விசயம் உள்ளே இருக்கும் லிதியம் பட்டரி. அடிபட்டு வீங்கினால் தீப்பிடிக்கலாம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு கூரை வழியாக லயம் முழுக்கப் போகும். ஆகவே சார்ஜில் போட்டுவிட்டு கொழுந்து பறிக்கப் போகாதீர்கள், தூங்கவும் வேண்டாம். சூடு ஆறின பிறகு, பெரியவர் ஒருவர் பார்த்திருக்க, சீமெந்துத் தரையில் வைத்து சார்ஜ் பண்ணுங்கள். வீங்கின பட்டரியைக் குத்தவோ அடுப்பில் போடவோ கூடாது.