மலைநாட்டு வீட்டில் இணையம் – 6: வி.பி.என். ரவுட்டர் வாங்குமுன்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் ஊரடங்கு. பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப், டுவிட்டர் எதுவும் திறக்கவில்லை. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே வி.பி.என். வழியாக டுவிட்டருக்கு வந்து, வி.பி.என். இருக்கையில் இந்தத் தடையால் பயனில்லை என்று எழுதினார். மாலைக்குள் தடை நீங்கியது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும் சமூகத் தளங்களை நாட்கணக்கில் முடக்கினார்கள்.

ஒவ்வொரு முறையும் நம்மவர்கள் கைக்குக் கிடைத்த இலவச வி.பி.என். செயலியை ஃபோனில் ஏற்றினார்கள். இப்போது பதுளை, பண்டாரவளை கடைகளில், வீடு முழுவதற்கும் வி.பி.என். தரும் ரவுட்டரைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் ஃபோனில் பிழையான செயலியை ஏற்றினால் அழித்துவிடலாம். ரவுட்டரில் பிழை நேர்ந்தால் அந்த வை-ஃபையில் இருக்கும் அத்தனை பேரையும் பாதிக்கும்.

தெமோதரைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைவதும் வெளிவருவதும்தான் நமக்குத் தெரியும். நடுவில் நடப்பது தெரியாது. வி.பி.என். அப்படியொரு சுரங்கம். உங்கள் இணையக் கம்பனிக்கு நீங்கள் சுரங்கத்துக்குள் போனது தெரியும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியாது. ஆனால் வி.பி.என். நடத்துபவருக்கு அது தெரியும். பதிவே வைப்பதில்லை என்று சொல்லிவந்த யூ.எஃப்.ஓ. வி.பி.என். என்ற இலவசச் சேவையின் பயனர் பதிவுகள் 2020இல் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தன. ஆகவே முதலில் நம்பத் தகுந்த சேவையைத் தேடுங்கள், ரவுட்டரைப் பிறகு பார்க்கலாம்.

பெட்டியின் மேல் 'வி.பி.என்.' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதில் மூன்று வகை உண்டு. 'பாஸ்த்ரூ' என்றால், உங்கள் கணினி தானே போடும் இணைப்பை ரவுட்டர் தடுக்காமல் விடும், அவ்வளவுதான். 'சேர்வர்' என்றால், வெளியில் இருந்து வீட்டு வலையமைப்புக்குள் நுழைய வழி. நமக்கு வேண்டியது 'கிளையண்ட்': ரவுட்டரே வி.பி.என். சேவையோடு இணைந்து, செயலி ஏற்ற முடியாத தொலைக்காட்சி உட்பட எல்லாவற்றையும் அந்த வழியில் அனுப்பும். கடைக்காரரிடம் இந்தச் சொல்லையே கேளுங்கள்.

அடுத்தது வேகம். 2001இல் பிறந்த ஓப்பன்விபிஎன் நம்பகமானது. ஆனால் மலிவான ரவுட்டரின் சிறிய சிப்பை மூச்சு முட்ட வைத்துவிடும். 2020இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த வயர்கார்ட், அதே சிப்பில் பல மடங்கு வேகமாக ஓடக்கூடியது. ஜிஎல்.ஐநெட் கம்பனி தன் பெரில் ஏஎக்ஸ் ரவுட்டருக்கு ஓப்பன்விபிஎன்னில் 150, வயர்கார்டில் 300 மெகாபிட் வரை என்று குறிப்பிடுகிறது. ஏசுஸின் பல ரவுட்டர்களிலும், மைக்ரோட்டிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7 பதிப்பிலும் வயர்கார்ட் உண்டு. இணையக் கம்பனி தந்த 4ஜி ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து, புதிய ரவுட்டரின் வேன் துளையில் செருகினால் போதும்.

எந்தச் சாதனம் வி.பி.என். வழியாகப் போகலாம், எது நேராகப் போகவேண்டும் என்று பிரித்துவிடும் வசதி கட்டாயம் இருக்கவேண்டும். வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் வங்கிச் செயலி சந்தேகப்பட்டு மறுக்கலாம். அதைவிடப் பெரியது பணக் கணக்கு. யூடியூபுக்கு, வட்ஸ்அப்புக்கு என்று தனியாக விற்கும் டேட்டா பெக்கேஜைத்தான் தோட்டங்களில் பலர் போடுகிறார்கள். வி.பி.என். சுரங்கத்துக்குள் போவது யூடியூபா வேறொன்றா என்று கம்பனிக்கு அடையாளம் தெரியாது. எல்லாம் பொது டேட்டாவிலேயே கழியும். ஒருவர் ரவுட்டரில் வி.பி.என்.ஐப் போட்டுவிட்டால், பக்கத்துக் காம்பராவில் பிள்ளையின் பாடம் மாத நடுவிலேயே நின்றுபோகலாம். லயத்தில் ஒரு இணைப்பைப் பலர் பகிர்ந்தால், எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

வி.பி.என். சேவையின் சேர்வர் இருக்கும் நாட்டைத் தேர்வதிலும் கவனம் தேவை. இந்தியாதானே பக்கம் என்று அதை அழுத்துவோம். பயனர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று இந்திய அரசு 2022இல் உத்தரவிட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்ற சேவைகள் அங்கிருந்து தங்கள் இயந்திரங்களை எடுத்துவிட்டன. பட்டியலில் இந்தியா என்றிருந்தாலும் இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கலாம். சிலவற்றைப் போட்டுப் பார்த்து, வேகமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

நமுனுகுல மலை மறைக்கும் பள்ளத்திலே, பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலே, இணையம் மெதுவாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சிக்னல்தான். வி.பி.என். அதைக் கூட்டாது, கொஞ்சம் குறைக்கவே செய்யும். அங்கே கையிலிருக்கும் காசு முதலில் கூரைக்கு மேல் ஒரு வெளி அன்டெனாவுக்குப் போகட்டும். வீட்டில் ஒரே ஒரு ஃபோன் என்றால், நல்ல சேவையின் செயலியே போதும், ரவுட்டர் வேண்டாம். வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவருக்கும், ஒரே கூரையின் கீழ் பல சாதனங்கள் உள்ளவருக்கும் அது பயன்படும்.

கொழுந்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருள் இது. கிளையண்ட் உண்டா, வயர்கார்ட் உண்டா, சாதனங்களைப் பிரிக்க முடியுமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்றுக்கேனும் தெளிவான பதில் வராவிட்டால், காசை நீட்டாதீர்கள். அடுத்த கடை இருக்கிறது.

(அடுத்த வாரம்: அன்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்புவது?)