டெல்லாவின் கூந்தலும் ஜிம்மின் கைபேசியும்

ஓ. ஹென்றியின் ‘ஞானியரின் பரிசு’ சிறுகதையில் டெல்லாவின் கையில் இருப்பது ஒரு டாலர் 87 சென்ட். விடிந்தால் கிறிஸ்துமஸ். கணவன் ஜிம்முக்கு நல்லதாக ஏதாவது வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தன் கூந்தலை வெட்டி 20 டாலருக்கு விற்கிறாள். ஜிம்மின் தங்கக் கடிகாரத்துக்கு 21 டாலரில் ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். மிச்சம் 87 சென்ட். அங்கே ஜிம், அந்தக் கடிகாரத்தையே விற்று, அவளுடைய கூந்தலுக்கு ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கிவைத்திருக்கிறான்.

1905 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கதை இது. இதே தம்பதியை இன்றைய நியூயார்க்கில் குடிவைத்து, ஆளுக்கொரு கைபேசியும் கொடுத்தால் என்ன ஆகும்? முடி வெட்டும் கடையிலிருந்தே டெல்லா ஒரு படம் போட்டுவிடுவாள். கடிகாரத்தை விற்கப்போகும் ஜிம், கடை வாசலிலேயே அதைப் பார்த்துவிடுவான். கதை அங்கேயே முடிந்துவிடும்.

பழைய சிறுகதைகளை சமூக ஊடகத்துக்கு மாற்றி எழுத விரும்புகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். அது ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதற்கு உளவியலில் ஓர் அழகான விளக்கம் உண்டு.

ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறு குழந்தைகளுக்கு அவர்கள் ஒரு குட்டிக்கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்துப் பச்சை அலமாரியில் வைத்துவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்ததும் சாக்லேட்டை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பச்சை அலமாரியைக் காட்டினார்கள். சாக்லேட் அங்கே இருப்பது தங்களுக்குத் தெரிவதால் மாக்ஸிக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். நான்கு வயதைத் தாண்டியபின்தான் குழந்தைகள் மெல்ல மெல்லச் சரியான பதிலுக்கு வருகிறார்கள். மாக்ஸிக்கு இந்த மாற்றம் தெரியாது, ஆகவே அவன் நீல அலமாரியைத்தான் திறப்பான்.

இன்னொருவர் மனத்தில் இருக்கும் தவறான நம்பிக்கையை நம் மனத்தில் தனியாக ஏந்தி வைத்துக்கொள்வது சாதாரணத் திறன் அன்று. ஓ. ஹென்றி கைவைப்பது இந்தத் திறனில்தான். மனைவிக்கு இன்னும் நீண்ட கூந்தல் இருக்கிறது என்று ஜிம் நம்புவது தவறு என்பது நமக்குத் தெரியும். கடிகாரம் இன்னும் ஜிம்மிடம் இருக்கிறது என்று டெல்லா நம்புவதும் தவறு. ஆனால் அந்தத் தவறில் கடைசிவரை நாமும் அவளோடு சேர்ந்து நிற்கிறோம். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் கதையின் உயிர். சமூக ஊடகம் கட்டப்பட்டிருப்பதோ அந்த இடைவெளியை அடைப்பதற்காக.

இது கற்பனை வாதமாகத் தோன்றினால், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபேஸ்புக் 2007 நவம்பரில் ‘பீக்கன்’ என்ற வசதியைத் தொடங்கியது. அதில் சேர்ந்த இணையக் கடைகளின் பக்கங்களில் ஃபேஸ்புக்கின் சிறு நிரல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நீங்கள் அங்கே ஒரு பொருளை வாங்கியதும், உலாவியில் ஏற்கெனவே பதிந்திருக்கும் குக்கியை வைத்து நீங்கள் யார் என்று அது கண்டுகொள்ளும். திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு சில நொடிகள் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். வேண்டாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, வாங்கிய பொருளின் பெயரை உங்கள் நண்பர்கள் அனைவருக்கும் காட்டிவிடும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓர் அமெரிக்கர் மனைவிக்குத் தெரியாமல் வைர மோதிரம் வாங்கினார். நூற்றுக்கணக்கான நண்பர்களுக்குச் செய்தி போனது. அவர்களில் மனைவியும் ஒருவர். வழக்கு நடந்தது. 2009இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி, பீக்கனை ஃபேஸ்புக் இழுத்து மூடியது. ‘ஞானியரின் பரிசு’ கதைக்கு இதைவிடப் பொருத்தமான நவீன மறுகூறலை எந்த எழுத்தாளரும் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மறுகூறலைத் தெரிந்தே முயன்று பார்த்தவர்களும் உண்டு. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2010இல் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை ஐந்து வாரம் ட்விட்டரில் நடத்தியது. நடிகர்கள் பாத்திரங்களாகவே ட்வீட் போட்டார்கள். மூல நாடகத்தில் காதலர்கள் சாவது, ஒரு கடிதம் போய்ச்சேராததால். நாளெல்லாம் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்த ஒரு சேதி மட்டும் தவறிப்போவதை நம்பவைப்பது பெரும்பாடு.

அப்படியானால் எந்தக் கதைதான் தாங்கும்? நியூயார்க் பொது நூலகம் 2018இல் இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட பழைய கதைகளில் ஒன்று நல்ல விடை தருகிறது. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி 1892இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ அது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் பக்கங்கள் சில நொடிகளில் தாமாகவே நகர்ந்துவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் நிற்கும். நூலகத்தார் ஒவ்வொரு பக்கத்திலும் கட்டைவிரல் வைக்க ஓர் இடம் வரைந்து, கதையைச் சுருக்காமல் முழுதாகவே ஏற்றினார்கள். விரலை எடுத்தால் பக்கம் புரளும்.

கதையில் ஒரு பெண்ணை, ஓய்வுதான் மருந்து என்று சொல்லி, மருத்துவரான கணவன் ஒரு மாடி அறையில் வைத்திருக்கிறான். எழுதக்கூடாது என்பது கட்டளை. அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள், அவன் வரும் ஓசை கேட்டால் மறைக்கிறாள். சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பது அவளுக்குத் தெரியத் தொடங்குகிறது. கில்மன் இதை அனுபவித்தவர். 1887இல் வெயர் மிட்செல் என்ற புகழ்பெற்ற மருத்துவர் அவரை இதே ஓய்வுச் சிகிச்சைக்கு உட்படுத்தி, பேனாவைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இந்தப் பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்துப் பாருங்கள். கதையில் ஒன்றும் உடையாது. இங்கே எந்தச் சேதியும் தவறவில்லை. அவள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறாள், ஆனால் எழுதுவதன் பொருள் அவளுக்கே தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது. இடைவெளி இரண்டு ஆட்களுக்கு நடுவே இல்லை, அவளுக்குள்ளேயே இருக்கிறது. தினமும் தன்னைப் பற்றிப் பதிவு போடும் ஒருவர் தன்னை அறியாமலேயே சிதைந்துகொண்டிருக்கலாம். ஆயிரம் பேர் பார்த்தும் அது ஒருவர் கண்ணிலும் படாமல் போகலாம். சமூக ஊடகம் அடைக்க முடியாத இடைவெளி இது. சில சமயம் அதை இன்னும் அகலப்படுத்தவும் செய்கிறது.

பழைய கதை ஒன்றை இன்ஸ்டாகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ மாற்ற நினைக்கிற இளம் எழுத்தாளர்கள் முதலில் இதைப் பாருங்கள்: அந்தக் கதையில் யாருக்கு எது தெரியாது? அடுத்த வீட்டில் நடப்பதுதான் பாத்திரத்துக்குத் தெரியாது என்றால் அந்தக் கதையை அதன் காலத்திலேயே விட்டுவிடுங்கள். தன்னையே தெரியாது என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கில்மனின் கதை குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவள் தன்னைப் பற்றிச் சொல்வதை எந்த வரியில் நீங்கள் நம்ப மறுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பதிவை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.